சிறிய டிராக்டருக்கு ஸ்லாஷர் வாங்கும் முன்: எதை அளப்பது, எதைப் பார்ப்பது

டிராக்டரின் பின்னால் மாட்டிப் புல், புதர் வெட்டும் கருவிதான் ஸ்லாஷர். புதிதாகச் சிறிய டிராக்டர் வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் கேட்கும் கேள்வி இது: "என் டிராக்டர் இத்தனை எச்பி. எத்தனை அடி ஸ்லாஷர் எடுக்கலாம்?" கேட்பதில் தப்பில்லை. ஆனால் எச்பியை மட்டும் வைத்துச் சொன்னால் பாதிப் பதில்தான் கிடைக்கும். என் முதல் ஸ்லாஷரை அந்தப் பாதிப் பதிலை நம்பித்தான் வாங்கினேன். 6 அடி அகலம். புல்லை வெட்டுகிற அளவுக்கு எஞ்சினில் சக்தி இருந்தது. ஆனால் ஸ்லாஷரைத் தூக்கியபடி ஒரு சின்ன மேட்டில் ஏறும்போது ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேன், வண்டி நேராகவே போகிறது. முன்சக்கரங்கள் தரையில் பட்டும் படாமலும் உருண்டுகொண்டிருந்தன. லீவரைத் தள்ளி ஸ்லாஷரை இறக்கிய பிறகுதான் முன்பக்கம் தொப்பென்று உட்கார்ந்தது. நல்லவேளை, பக்கத்தில் பள்ளம் எதுவும் இல்லை.

அதனால்தான் இந்தக் கட்டுரையை டிராக்டரிலிருந்து தொடங்குகிறேன். ஸ்லாஷரைப் பார்க்கப் போகும் முன்பே வீட்டில் செய்துவிடக்கூடிய வேலை நிறைய இருக்கிறது.

பெயர்க் குழப்பத்தை மட்டும் முதலில் தீர்த்துக்கொள்வோம். ஸ்லாஷரைப் பிரஷ் கட்டர் என்றும் சொல்வதுண்டு. ஆனால் பிரஷ் கட்டர் என்றால் பலருக்குத் தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் சின்ன இயந்திரம்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அது இல்லை. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரும் இல்லை. டிராக்டரின் பின்னால் மாட்டி, பிடிஓ (எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் தண்டு) சுழற்சியில் ஓடி, புல்லையும் புதரையும் இளம் செடி கொடிகளையும் தரைக்கு மேலே வெட்டிப் போடும் கருவி. ரோட்டரி ஸ்லாஷர், ரோட்டரி கட்டர் என்றெல்லாம் விற்பார்கள். தட்டையான இரும்பு மூடி, நடுவில் ஒரு கியர்பாக்ஸ், அடியில் போல்ட்டில் தொங்கும் இரண்டு கனமான பிளேடுகள், பின்னால் ஒரு சக்கரம். பார்க்க அவ்வளவுதான்.

முதல் வேலை: டிராக்டரை அளப்பது

ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிராக்டரின் கையேடும் பக்கத்தில் இருக்கட்டும். குறித்துக்கொள்ள வேண்டியவை:

- பிடிஓ எச்பி எவ்வளவு (எஞ்சின் எச்பி வேறு, இது வேறு)
- பிடிஓ எத்தனை வேகத்தில் ஓடும், நிமிடத்துக்கு 540 சுற்று மட்டுமா, வேறு வேகங்களும் உண்டா
- பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அகலம்
- டிராக்டரின் எடை, அதில் முன்சக்கரங்கள் மேல் எவ்வளவு, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்
- ஹைட்ராலிக் எவ்வளவு எடை தூக்கும், அதை எந்த இடத்தில் வைத்து அளந்திருக்கிறார்கள்
- கீழ்க்கைகளின் (பின்னால் கருவியை மாட்டித் தூக்கும் இரண்டு கைகள்) உருண்டைத் துளையின் விட்டம்

கடைசி வரி சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அதில் தவறினால் வீட்டுக்குக் கொண்டுவந்த கருவி மாட்டாது. கருவி மாட்டும் அமைப்பின் அளவுப் பிரிவைத்தான் கேட்டகிரி என்பார்கள். கேட்டகிரி 1 என்றால் கீழ்க்கையில் செருகும் பின் (ஊசி) சுமார் 22 மி.மீ., டாப் லிங்க் (மேலே நடுவில் உள்ள இணைப்புக் கை) பின் சுமார் 19 மி.மீ. கேட்டகிரி 2 என்றால் கீழே சுமார் 28, மேலே சுமார் 25. சிறிய பண்ணை டிராக்டர்களில் பெரும்பாலும் கேட்டகிரி 1தான் இருக்கும். இன்னும் சின்ன வண்டிகளில் கேட்டகிரி 0 இருக்கும். அப்படியானால் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்லாஷர்கள் குறைவு. அதை முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

எச்பி கணக்கு

டிராக்டரின் பானெட்டில் எழுதியிருப்பது எஞ்சின் எச்பி. ஸ்லாஷருக்குப் போய்ச் சேருவது பிடிஓ எச்பி. வழியில் கியர்களிலும் ஹைட்ராலிக் பம்ப்பிலும் கொஞ்சம் போய்விடும். பொதுவாக எஞ்சின் எச்பியில் 80 முதல் 88 சதவீதம் பிடிஓவில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கையேட்டில் பிடிஓ எச்பி தனியாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 25 எச்பி டிராக்டர் என்றால் பிடிஓவில் 21 சொச்சம். ஹைட்ரோஸ்டேட்டிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) கியர் உள்ள வண்டியில் இன்னும் கொஞ்சம் குறையும்.

இப்போது அகலம். அடர்ந்த புதரும் விரல் தடிமனுக்கு மேல் உள்ள தண்டுகளும் வெட்ட வேண்டுமானால் ஓர் அடி வெட்டகலத்துக்கு 5 பிடிஓ எச்பி வேண்டும். உயர்ந்த புல், இளங்கொடி, வருடம் ஒருமுறை சுத்தம் செய்துவரும் நிலம் என்றால் அடிக்கு 4 இருந்தாலே ஓடும். ஆக, 21 பிடிஓ எச்பிக்கு 4 அடி தாராளம். 5 அடி, புல்லுக்குச் சரி, புதருக்கு மெதுவாகப் போனால் சரி. 6 அடியை அந்த வண்டியில் மாட்டவே கூடாது.

கொஞ்சம் பெரிதாக எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. சக்தி போதாத ஸ்லாஷர் அடர்ந்த இடத்தில் சுழற்சி இறங்கித் திணறும். வேகம் இறங்கிய பிளேடு புல்லை வெட்டாது, மடக்கிப் போடும். மறுபடி அதே இடத்துக்கு வர வேண்டும். எதிர்பாராமல் வரும் ஒரு வேர்முண்டுக்கும் ஒரு கொடிப் பந்தலுக்கும் கையிருப்பாகக் கொஞ்சம் சக்தி வேண்டும்.

டயர் அகலத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வெட்டகலம் பின் டயர்களின் வெளி அகலத்தை மூட வேண்டும். முடிந்தால் இரண்டு பக்கமும் ஓரிரு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். இல்லையென்றால் டயர் மடக்கிப்போட்ட புல் வெட்டுப்படாமல் இரண்டு கோடுகளாக நிற்கும். வேலி ஓரத்தில் டயரை உரசாமல் வெட்டவும் முடியாது. மேலே சொன்ன 25 எச்பி வண்டிக்கு டயர் அகலம் 50 அங்குலம் என்று வையுங்கள். 4 அடி என்றால் 48 அங்குலம்தான், ஒவ்வோர் ஓரத்திலும் ஓர் அங்குலம் விட்டுப்போகும். 5 அடி மூடிவிடும், ஆனால் சக்தி இறுக்கம். இந்த இடத்தில் என் தேர்வு: நிலம் பெரும்பாலும் புல் என்றால் 5 அடியில் இலகு ரகம், புதர்தான் அதிகம் என்றால் 4 அடியில் கனமான ரகம், கோடு விழுவதைப் பொறுத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி ஓட்டுவது. ரிம்மைத் திருப்பிப் போட்டு டயர்களை உள்ளே தள்ளிக்கொள்ளச் சில வண்டிகளில் வசதி உண்டு. சமதளத்தில் செய்யலாம். சரிவு நிலம் இருந்தால் வேண்டாம், வண்டி சாயும் வாய்ப்பு கூடிவிடும்.

எடைதான் பலரும் விடும் இடம்

எச்பி போதவில்லையென்றால் ஸ்லாஷர் திணறும், அவ்வளவுதான். எடை பொருந்தவில்லையென்றால் டிராக்டர் முன்னால் தூக்கும். அதனால் எச்பியைவிட எடைக்கு நான் அதிகம் பயப்படுகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிராக்டர் 900 கிலோ. அதில் முன்சக்கரங்கள் மேல் 360 கிலோ. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 1.5 மீட்டர். 5 அடி ஸ்லாஷர் 250 கிலோ. இந்த ஸ்லாஷரின் கனம் டிராக்டரை ஒட்டி இல்லை. கீழ்க்கைகள் முடிந்து, அதற்கும் பின்னால் சுமார் ஒரு மீட்டர் தள்ளி, கியர்பாக்ஸுக்கு அருகில் இருக்கிறது. பின் அச்சிலிருந்து 1.75 மீட்டர் என்று வையுங்கள். ஸ்லாஷரைத் தூக்கியதும் பின் அச்சு சீசா பலகையின் நடுக்கட்டை மாதிரி ஆகிவிடும். 250 கிலோவை 1.75ஆல் பெருக்கி 1.5ஆல் வகுத்தால் 292 கிலோ வரும். முன்சக்கரத்திலிருந்து அவ்வளவு எடை தூக்கப்படுகிறது. மிச்சம் 68 கிலோ. ஒரு ஆள் முன்னால் உட்கார்ந்த எடைகூட இல்லை.

வண்டியும் கருவியும் சேர்ந்த மொத்த எடையில் குறைந்தது 20 சதவீதமாவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும் என்பது பழகிய விதி. இங்கே மொத்தம் 1150 கிலோ, 20 சதவீதம் 230 கிலோ. நம்மிடம் இருப்பது 68. முன் பம்பருக்கு முன்னால் எடைக்கட்டிகளை மாட்டித்தான் இதைச் சரிசெய்ய வேண்டும். முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் மாட்டினால் ஏறக்குறைய 145 கிலோ வேண்டும். இந்த எடைக்கட்டிகளையும் ஸ்லாஷர் வாங்கும் செலவில் சேர்த்தே எண்ணுங்கள். முன்னால் லோடர் மாட்டியிருப்பவர்களுக்கு அதன் எடையே பெரும்பாலும் உதவிவிடும். ஆனால் பக்கெட்டை உயர்த்திக்கொண்டு ஓட்டக் கூடாது, தாழ்வாகவே இருக்கட்டும்.

உங்கள் வண்டியின் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்துபாருங்கள். 10 நிமிட வேலை. நான் அன்று செய்திருந்தால் அந்த 6 அடியைத் தொட்டே இருக்க மாட்டேன்.

ஹைட்ராலிக் தூக்கும் திறனிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிலர் கீழ்க்கை நுனியில் அளந்த எடையைப் பெரிதாக எழுதுவார்கள். சிலர் நுனியிலிருந்து 24 அங்குலம், அதாவது 610 மி.மீ., பின்னால் அளந்த எடையைச் சொல்வார்கள். ஸ்லாஷருக்கு இரண்டாவதுதான் பயன்படும், ஏனென்றால் அதன் கனம் அங்கேயும் அதற்குப் பின்னாலும்தான் இருக்கிறது. அந்த எண் ஸ்லாஷரின் எடையைவிட நன்றாகக் கூடுதலாக இருக்க வேண்டும்.

பிடிஓ எந்த வகை?

பிடிஓவின் வேகத்தை முதலில் பாருங்கள். சிறிய டிராக்டர்களுக்கான ஸ்லாஷர்கள் நிமிடத்துக்கு 540 சுற்றுக்குச் செய்யப்பட்டவை. உங்கள் டிராக்டரில் 1000 சுற்றும் இருந்தால் அந்த லீவர் எங்கே இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 5 அடி ஸ்லாஷரின் கியர்பாக்ஸ் 540 சுற்றை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கி 790 சுற்றுக்குக் கொண்டுபோகிறது. அப்போது பிளேடு நுனி மணிக்கு 225 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. அதே ஸ்லாஷரை 1000த்தில் ஓட்டினால் 420 கிலோமீட்டர். அந்த வேகத்தைத் தாங்க அது செய்யப்படவில்லை.

எஞ்சின் குறைந்த சுற்றில் ஓடும்போதே பிடிஓவுக்கு 540 தரும் சிக்கன கியரும் சில வண்டிகளில் உண்டு. இலேசான புல்லுக்கு டீசல் மிச்சமாகும். புதருக்கு வழக்கமான 540தான், எஞ்சினின் முழு பலமும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு. 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என் போன்ற பழைய வண்டிகளில் பிடிஓவும் சக்கரங்களும் ஒரே கிளட்சில் ஓடும். கிளட்சை மிதித்தால் எஞ்சின் விலகும். ஆனால் பின்னால் சுழலும் பிளேடுகள் உடனே நிற்பதில்லையே. அந்த வேகம் பிடிஓ ஷாஃப்ட் வழியாகத் திரும்பி வந்து கியர்பாக்ஸைச் சுற்றி, சக்கரத்தையும் சுற்றும். நீங்கள் கிளட்சை மிதித்தபடி இருக்கிறீர்கள், வண்டி முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. எதிரே வேலியோ பள்ளமோ ஆளோ இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்குத் தீர்வு ஒரு சின்ன உருப்படி: ஓவர் ரன்னிங் கிளட்ச். சைக்கிளின் ஃப்ரீவீல் மாதிரிதான். டிராக்டர் ஸ்லாஷரைச் சுற்றலாம், ஸ்லாஷர் டிராக்டரைச் சுற்ற முடியாது. பிடிஓ முனையில் செருகி மாட்டுவது. உங்கள் வண்டியில் கிளட்ச் பெடல் இரண்டு நிலையில் வேலை செய்கிறதா, அல்லது பிடிஓவுக்குத் தனி லீவரோ பட்டனோ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ஓவர் ரன்னிங் கிளட்ச் இல்லாமல் ஸ்லாஷரை ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். இருந்தாலும்கூட அது மாட்டியிருப்பதில் நட்டமில்லை. இதை மாட்டினால் ஷாஃப்ட் சில அங்குலம் நீளும். ஷாஃப்டை அளக்கும்போது அதையும் சேர்த்து அளங்கள்.

இப்போது ஸ்லாஷரைப் பார்க்கலாம்

இதுவரை குறித்த எண்களோடு போனால் உங்களுக்குப் பொருந்தும் ஸ்லாஷர்கள் நாலைந்துதான் மிஞ்சும். அவற்றுக்குள் எது என்பதை நிலம் சொல்லும். ஒவ்வொரு ஸ்லாஷருக்கும் எவ்வளவு தடிமன் வரை வெட்டும் என்று எழுதியிருப்பார்கள். இலகு ரகம் ஓர் அங்குலத் தண்டு வரை, நடுத்தரம் 2 அங்குலம், கன ரகம் 3 அங்குலமும் அதற்கு மேலும். உங்கள் நிலத்தில் நடந்துபோய் மிகத் தடிமனான தண்டைக் கையால் பிடித்துப் பாருங்கள். எங்கோ நாலே நாலு தடித்த மரக்கன்று இருக்கிறது என்பதற்காகக் கன ரகம் வாங்க வேண்டாம். அவற்றை அரிவாளாலோ ரம்பத்தாலோ முதலில் எடுத்துவிடலாம். கன ரகம் என்றால் எடை கூடும், மறுபடி முன்சக்கரக் கணக்குக்கு வந்து நிற்போம்.

மூடியின் தகட்டைக் கையால் தட்டிப் பாருங்கள். இலகு ரகத்தில் சுமார் இரண்டரை மி.மீ. தகடு இருக்கும், கன ரகத்தில் நாலரை மி.மீ.க்கு மேல். தகட்டைவிட முக்கியம், கியர்பாக்ஸ் உட்காரும் இடம். அங்கே குறுக்குச் சட்டங்கள் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடுகின்றனவா, தகட்டின் மேலேயே போல்ட் போட்டிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். பிளேடு எதிலாவது மோதும்போது வரும் அடி முழுவதும் அந்த இடத்தில்தான் இறங்கும்.

கியர்பாக்ஸுக்கும் ஒரு எச்பி அளவு உண்டு. டிராக்டரின் பிடிஓ எச்பியைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். எத்தனை மடங்கு கூடுதலோ அத்தனை நாள் உழைக்கும்.

அடியில் பாருங்கள் (தூக்கி, கீழே உறுதியான கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான். ஹைட்ராலிக்கை நம்பி ஒருபோதும் கீழே கையோ தலையோ நுழைக்கக் கூடாது). பிளேடுகளைப் பிடித்திருப்பது வெறும் சட்டமா, வட்டமான கிண்ணம் போன்ற தட்டா? அந்தத் தட்டுக்கு ஸ்டம்ப் ஜம்ப்பர் என்று பெயர். வெட்டுப்பட்ட அடிக்கட்டை மேலே ஸ்லாஷர் ஏறும்போது தட்டு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். வெறும் சட்டம் என்றால் போய் முட்டும். புதர் நிலத்துக்கு வட்டத் தட்டு கட்டாயம். சமமான புல்வெளிக்குச் சட்டமே போதும்.

பிளேடு முனை மழுங்கலாக இருக்கிறதே என்று புதியவர்கள் வருத்தப்படுவார்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும். கத்தி மாதிரி தீட்டினால் முதல் கல்லில் வாய் மடங்கிவிடும். ஒன்றரை மி.மீ. அளவுக்கு விளிம்பு தடித்தே இருக்கட்டும். இந்தக் கருவி கனத்தாலும் வேகத்தாலும் வெட்டுகிறது. புல்வெளியைச் சீராக, கம்பளம் போலச் செதுக்க வேண்டுமென்றால் ஸ்லாஷர் வேண்டாம், அதற்கு ஃபினிஷ் மோவர் இருக்கிறது. வீடு, பாதை, ஆள் நடமாட்டம் பக்கத்தில் இருந்தால் ஃபிளெயில் மோவரை யோசியுங்கள். அது கல்லை வீசுவது குறைவு, ஆனால் அதே அகலத்துக்குக் கூடுதல் எச்பி கேட்கும்.

முன்னும் பின்னும் சங்கிலித் திரையோ ரப்பர் திரையோ இருக்கிறதா? இல்லாமல் விற்கும் ஸ்லாஷர்களும் உண்டு, தனியாக மாட்டிக்கொள்ளலாம் என்பார்கள். அன்றே சேர்த்து வாங்கிவிடுங்கள். அந்த 225 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் கல் சில நூறு அடி போய் விழும்.

ஷியர் போல்ட்டா, ஸ்லிப் கிளட்சா?

பிளேடு அசையாத ஒன்றில் மோதும்போது அந்த அதிர்ச்சி டிராக்டருக்குப் போகாமல் தடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஷியர் போல்ட் என்பது வேண்டுமென்றே மென்மையான இரும்பில் செய்த ஒரு போல்ட். அடி விழுந்தால் அது அறுந்து மற்றதைக் காப்பாற்றும். விலை குறைவு, எளிமை. அடிக்கட்டை நிறைந்த நிலத்தில் ஒரு நாளில் நாலு முறை இறங்கி மாற்ற நேரும். அந்த எரிச்சலில் சிலர் கடினமான போல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் போல்ட் அறுவதற்குப் பதில் கியர் பல் உடையும், இல்லையென்றால் டிராக்டரின் பிடிஓ. கையேட்டில் சொன்ன தர போல்ட்டை ஒரு டப்பா வாங்கி டிராக்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லிப் கிளட்ச் என்பது ஸ்பிரிங்குகளால் அழுத்தி வைத்த உராய்வுத் தட்டுகள். அடி விழுந்தால் வழுக்கும், பிறகு தானாகவே பிடித்துக்கொள்ளும். புதர் வேலைக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் இதற்கு ஒரு பராமரிப்பு உண்டு, அதைச் சொல்லாமல் விற்றுவிடுகிறார்கள். மழைக்காலம் முழுவதும் வெளியில் நின்ற ஸ்லாஷரில் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் அது வெறும் இரும்புத் துண்டுதான், வழுக்காது.

நான் செய்யும் முறை இது. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தால், கிளட்ச் தட்டுகளின் ஓரத்தில் எல்லாத் தட்டுகளையும் தொடும்படி சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போடுவேன். ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்து குறித்துக்கொண்டு, எல்லா நட்டுகளையும் ஒரே அளவு, இரண்டு சுற்று தளர்த்துவேன். பிறகு யாரும் அருகில் இல்லாமல் இரண்டு மூன்று வினாடி மட்டும் பிடிஓவைப் போட்டு அணைப்பேன். எஞ்சினை நிறுத்தி, பிளேடு முழுதாக நின்றபின் இறங்கிப் பார்த்தால் கோடு துண்டு துண்டாக விலகியிருக்க வேண்டும். விலகியிருந்தால் தட்டுகள் வழுக்குகின்றன, ஸ்பிரிங் பழைய நீளத்துக்கு வரும்வரை நட்டுகளை இறுக்கிவிடலாம். ஒரு வருடம் கோடு இம்மியும் விலகவில்லை. பிரித்துப் பார்த்தால் உராய்வுத் தட்டு இரும்போடு பசை போட்டதுபோல் ஒட்டியிருந்தது. துருவைத் தேய்த்தெடுத்து மாட்டினேன். பார்க்காமல் அன்று வெட்டப் போயிருந்தால் முதல் அடிக்கட்டையிலேயே ஏதாவது உடைந்திருக்கும்.

பழையது வாங்குவதானால்

நன்றாகப் பராமரித்த பழைய ஸ்லாஷர் மட்டமான புதியதைவிட மேல். கியர்பாக்ஸின் எண்ணெய் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. காலியாக இருந்தால் அடியில் சீல் ஒழுகுகிறது. அடியில் கியர்பாக்ஸிலிருந்து பிளேடுக்கு இறங்கும் ஷாஃப்டைச் சுற்றிக் கம்பியோ நைலான் கயிறோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள், சீலைத் தின்பது பெரும்பாலும் அதுதான். பிளேடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். போல்ட்டில் முன்பின் சுழல்வது இயல்பு, மேல்கீழாக அதிகம் ஆடினால் துளை தேய்ந்திருக்கிறது. கியர்பாக்ஸைச் சுற்றி வெல்டிங் ஒட்டுப் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மூடியில் உள்ளிருந்து வெளியே புடைத்த பள்ளங்கள் இருந்தால் கல் நிறையத் தின்ற வண்டி. புது பெயின்ட் அடித்திருந்தால் இவை எல்லாவற்றையும் இரண்டு முறை பாருங்கள்.

மாட்டும் நாள்

பிடிஓவையும் ஸ்லாஷரையும் இணைக்கும் ஷாஃப்டை அப்படியே மாட்டிவிடாதீர்கள். அது எல்லா டிராக்டருக்கும் ஆகும்படி நீளமாகவே வரும். ஸ்லாஷரை மெதுவாகத் தூக்கி இறக்கி, டிராக்டருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே தூரம் மிகக் குறையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் ஷாஃப்ட் படுக்கையாக நேராக நிற்கும் நிலை அது. எஞ்சினை நிறுத்தி, ஸ்லாஷருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அந்த நிலையில் ஷாஃப்டின் இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். முழுதாக உள்ளே போனபிறகும் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் ஷாஃப்ட் முட்டி பிடிஓ பேரிங்கை உள்ளே தள்ளிவிடும். வெட்டுவதானால் உள் குழாய், வெளிக் குழாய், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றிலும் ஒரே அளவு வெட்டி, பிசிறை ராவி, கிரீஸ் போடுங்கள். மிக நீண்டு நிற்கும்போது இரண்டு குழாய்களும் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம். 540 சுற்று என்றால் வினாடிக்கு 9 சுற்று. துணி நுனி மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரமிருக்காது.

சமதளத்தில் நிறுத்தி, ஸ்லாஷரின் முன் விளிம்பு பின் விளிம்பைவிட ஓர் அங்குலம் தாழ்வாக இருக்கும்படி கீழ்க்கைகளையும் பின் சக்கரத்தையும் சரிசெய்யுங்கள். அப்போது புல் முன்னால் ஒரு முறை வெட்டுப்படும். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் வெட்டியதையே பிளேடு மறுபடி அரைத்துக்கொண்டிருக்கும், சக்தி வீணாகும். டாப் லிங்க் இறுகி நிற்காமல் கொஞ்சம் ஆடும்படி இருக்கட்டும். டிராக்டர் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்லாஷர் தன் சக்கரத்தில் தானே உருண்டு வர வேண்டும்.

கியர்பாக்ஸில் எண்ணெய் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். புதியது சில சமயம் காலியாகவே வரும். கையேட்டில் சொன்ன கியர் ஆயிலை அளவு மூடி வரை ஊற்றுங்கள். ஷாஃப்டின் கிராஸ்களுக்கு (மடங்கும் இணைப்புகள்) 8 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ்.

வெட்டப் போகும் முன் நிலத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். கம்பி, குழாய், கல், பழைய வேலிக்கால். உயரமான புல்லில் அவை டிராக்டர் மேலிருந்து தெரியாது. தெரிந்ததன் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு துணி கட்டிவிடுங்கள். பிறகு எஞ்சினைக் குறைந்த வேகத்தில் வைத்துப் பிடிஓவைப் போட்டு, அப்புறம் மெதுவாக 540 குறி வரை ஏற்றுங்கள். முதல் சுற்று உயரமாக, மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில். காதைத் திறந்து வையுங்கள். எஞ்சின் சத்தம் இறங்கினால் பிடிஓ சுற்றைக் குறைக்காமல் கியரை இறக்குங்கள். பெல்ட்டும் உருளல் காப்புச் சட்டமும் உள்ள வண்டியில் பெல்ட் போட்டே ஓட்டுங்கள். பக்கத்தில் ஆளோ நாயோ வந்தால் பிடிஓவை அணைத்து, பிளேடு நிற்கும் வரை காத்திருங்கள். அது நிற்க நீங்கள் நினைப்பதைவிட அதிக நேரம் எடுக்கும்.

ஒரு மணி நேரம் வெட்டியதும் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். ஸ்லிப் கிளட்சும் கியர்பாக்ஸும் எவ்வளவு சூடாகியிருக்கின்றன என்று தொடாமல் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, எரிந்த வாடை வந்தால் இல்லை. முட்டுக் கொடுத்து, பிளேடு போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு மறுபடி இறுக்குங்கள். முதல் மணி நேரத்தில் அவை கொஞ்சம் தளரும்.